நாம் எத்தனை பேர்? எங்கே பார்ப்பது?



தேர்தல் நெருங்கிவிட்டால் போதும், இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் டீக்கடை பெஞ்சிலேயே நம் தலைகளை எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். "இந்த ஊரில் நம்ம ஓட்டு இத்தனை ஆயிரம்" என்கிறார் ஒருவர். அடுத்தவர் அதை இரட்டிப்பாக்குகிறார். மேடையேறும் நம் பேச்சாளரோ இரண்டையும் கூட்டிச் சொல்லி, கைத்தட்டலும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்!

அதே எண்ணை மனுவில் எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தால் என்ன ஆகும்? அவர் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு நிமிடம் பார்ப்பார். அத்தோடு மனு செத்தது. பள்ளிக்கூடம் கேட்டதும் நியாயம், மையவாடிக்கு இடம் கேட்டதும் நியாயம். கணக்கு பொய்யாகிப் போனதால் கோரிக்கையும் பொய்யாகிவிடுகிறதே!

அந்த அதிகாரி பார்க்கும் கணக்கை நீங்களும் காசில்லாமல் பார்க்கலாம். மத்திய அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இணையதளத்தில் 2011 அட்டவணைகள் கிடக்கின்றன. இராஜபாளையம் நகராட்சியில் 1,30,442 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,396 பேர். விருதுநகர் மாவட்டம் முழுவதற்கும் 19,42,288 பேர். மதவாரிக் கணக்குக்கு 'சி-1' என்ற அட்டவணை. தமிழ்நாட்டுக் கோப்பை இறக்கி, மாவட்டம், வட்டம், நகரம் என்று தேடி வாருங்கள். வார்டு வாரியாக மொத்த ஜனத்தொகை, எழுத்தறிவு, தொழில் ஆகியவை வேறு அட்டவணையில் உண்டு. மதம் அதில் இல்லை. "எங்கள் வார்டில் நாம் இத்தனை சதவீதம், அரசாங்கக் கணக்கு" என்று எவராவது சொன்னால், எந்த அட்டவணை என்று கேளுங்கள். கடை போட இடம் பார்க்கும் வியாபாரிக்கும் இதில் வேலை இருக்கிறது. எந்த வார்டில் எத்தனை வீடு, எத்தனை வீட்டில் இருசக்கர வாகனம் என்பதுகூட 2011 வீட்டுக் கணக்கில் வந்திருக்கிறது.

பழைய கணக்கைத் தேடும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 'விருதுநகர்' என்று தேடினால் அகப்படாது. 1910 வரை நம் பகுதி திருநெல்வேலி ஜில்லா. பிறகு இராமநாதபுரம். 1985 முதல் காமராஜர் மாவட்டம். அதன் பிறகே விருதுநகர் என்ற பெயர். 1901 கணக்கு வேண்டுமென்றால் திருநெல்வேலித் தொகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவைப் பாருங்கள்; அன்று இராஜபாளையமும் அதற்குள்தான்.

தமிழகத்தில் நாம் ஒரு கோடி என்று முழங்குகிறோம். 2011 கணக்கு சொல்வது 42,29,479 பேர்; நூற்றுக்கு 5.86. கணக்கெடுப்புக் காலம் முழுவதும் ஊரில் இல்லாதவரை வீட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகள் இதில் வரவில்லை. அவர்களைச் சேர்த்தாலும் கோடி எங்கே, 42 லட்சம் எங்கே?

நாம் ஊதினால் மேடையோடு போகிறது. மற்றவர்கள் ஊதினால் பகையாக முடிகிறது. 2004 செப்டம்பரில் நடந்தது நினைவிருக்கிறதா? 2001 மதக் கணக்கு வெளியானது. முஸ்லிம்களின் பத்தாண்டு வளர்ச்சி 36 சதவீதம் என்று நாடெங்கும் கூச்சல்! உண்மை என்ன? 1991-ல் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அங்குள்ள முஸ்லிம்கள் 1991 கணக்கில் இல்லை, 2001 கணக்கில் இருக்கிறார்கள். அதைச் சரிசெய்ததும் வளர்ச்சி 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. முந்தைய பத்தாண்டைவிடக் குறைவு. 2011-ல் அது 24.6 ஆக மேலும் குறைந்தது. கூச்சல் போட்டவர்கள் திருத்தத்தை அதே சத்தத்தில் சொன்னார்களா? அன்று நம்மில் எத்தனை பேர் அட்டவணையைப் புரட்டிப் பதில் சொன்னோம்?

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 மார்ச் 1-ஐ அடிப்படைத் தேதியாக வைத்து நடக்கும் என்று 2025 ஜூன் 16-ல் அரசிதழில் அறிவித்தார்கள். சாதியும் கேட்கப்படும். தமிழகத்தில் 2007-ல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீடு லெப்பை, தக்னி, மாப்பிள்ளை என்ற பிரிவுகளின் பட்டியலை வைத்தே நடக்கிறது. சான்றிதழில் ஒன்று, கணக்கில் ஒன்று என்று சொல்லிவைக்காதீர்கள்.

இன்னொன்று, நம் வீட்டுப் பெண்கள். தைக்கிறார்கள், வீட்டிலிருந்தே வியாபாரம் செய்கிறார்கள். கணக்கெடுப்பவர் வாசலில் வந்து நின்றால், "சும்மாதான் இருக்கிறாள்" என்று ஆண்பிள்ளை பதில் சொல்லி அனுப்பிவிடுகிறார்! உழைப்பவள் உழைக்காதவள் பட்டியலில் சேர்ந்துவிடுகிறாள். பிறகு நம் பெண்களுக்குத் தொழில் கடன் கேட்கும்போது எந்தக் கணக்கைக் காட்டுவது?

குடியுரிமைப் பயத்தில் சிலர் கதவைச் சாத்த நினைக்கலாம். 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, நீங்கள் தரும் தனிவிவரத்தைப் பார்வையிட யாருக்கும் உரிமையில்லை. அந்தச் சட்டத்தின் கீழான வழக்கைத் தவிர வேறு வழக்கில் அதைச் சாட்சியமாகவும் வைக்க முடியாது. இதை ஜும்ஆ முடிந்ததும் இரண்டு நிமிடம் அறிவித்தால் போதும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கான சி-1 வரியை அச்செடுத்து, தலைக்கட்டு வரிப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்தால், 2027-ல் எந்தத் தெருவுக்கு இளைஞர்களை அனுப்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.