முப்பது சதவீதத்தில் அணையும் போன்

திரையில் 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும் பழைய ஸ்மார்ட்போன், கேமராவைத் திறந்ததும் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரில் செருகினால் ஏறக்குறைய அதே சதவீதத்துடன் எழுந்து உட்கார்கிறது. பேட்டரி பொய் சொல்லவில்லை. மின்னூட்டம் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. கேட்ட வேகத்தில் அதை வெளியே தள்ளத்தான் அதற்குத் தெம்பில்லை. லித்தியம் அயனி மின்கலத்தின் அகமின்தடை வயதாக ஆக ஏறும், குளிரிலும் ஏறும். கேமரா, ஃபிளாஷ், பிராசசர் மூன்றும் சேர்ந்து மின்னோட்டத்தை இழுக்கும்போது, மின்னழுத்தத்தில் ஒரு பங்கு அந்தத் தடையிலேயே கரைந்துபோகும். பள்ளியில் படித்த ஓமின் விதிதான். அழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே சரிந்ததும், பாகங்களைக் காக்கப் போன் தானே அணைந்துகொள்கிறது.

ஆப்பிள் இதற்கு இயங்குதளத்தில் வழி கண்டது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தேய்ந்த ஐபோன் 6, 6எஸ் போன்றவற்றில் பிராசசரின் உச்ச வேகத்தை மட்டுப்படுத்தியது. பொறியியலாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத தீர்வு. வேகம் குறைக்கப்படுகிறது என்று பயனரிடம் வெளிப்படையாகச் சொல்லாததுதான் தவறு. பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்த டிசம்பரில் குட்டு வெளிப்பட்டு, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணம் 29 டாலராக இறங்கியது. பேட்டரியின் நிலையைக் காட்டும் பக்கமும், வேகக் கட்டுப்பாட்டை நிறுத்திக்கொள்ளும் வசதியும் 2018 மார்ச்சில், ஐஓஎஸ் 11.3-இல்தான் வந்தன.