ஆடாத ஆட்டமும் ஆடுகளம் இல்லாத பிள்ளைகளும்

2024ஆம் ஆண்டு விஜய் அமிர்தராஜ் சர்வதேச டென்னிஸ் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். அவரும் லியாண்டர் பயசுமே அங்கு இடம்பெற்ற முதல் ஆசிய ஆண்கள். 1953இல் சென்னையில் பிறந்து, 1973இலும் 1981இலும் விம்பிள்டன் காலிறுதியை எட்டி, ராட் லேவரையும் பியோன் போர்க்கையும் வீழ்த்தியவர் அவர். எனினும், சாதி ஒழிப்பைப் பேசும் நாம் நினைவில் நிறுத்த வேண்டியது அவர் ஆடாத ஓர் ஆட்டத்தை.

1974இல் அவரும் அண்ணன் ஆனந்தும் முன்னின்று ஆடிய இந்திய அணி, ஆஸ்திரேலியாவையும் சோவியத் ஒன்றியத்தையும் வென்று டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசின் அணியோடு ஆடுவதில்லை என இந்திய அரசு முடிவெடுத்தது. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. 1987இல் மீண்டும் இறுதிக்கு வந்து சுவீடனிடம் தோற்றோம். கோப்பை இன்றுவரை நமக்கு வரவில்லை. இழப்பு வீரர்களுடையது; ஆயினும் முடிவு சரியானது. விளையாட்டில் அரசியல் கூடாது என்போருக்கு 1974 ஒன்றே போதுமான விடை.

அம்முடிவுக்கு ஒரு முன்கதை உண்டு. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தை 1946இலேயே இந்தியா ஐ.நா. அவைக்குக் கொண்டுசென்றது. ‘இது எங்கள் உள்நாட்டு விவகாரம்’ என்றது தென்னாப்பிரிக்கா. இந்தியா அதை ஏற்கவில்லை. அந்த இந்தியர்களில் பெரும்பாலோர், 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கூலித் தொழிலாளரின் வழிவந்தவர்கள், தமிழர் பலர்.

அதே காலனியக் கூலிமுறை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன தமிழரையோ, 1964 ஒப்பந்தம் திருப்பி அனுப்பியது. டேவிஸ் கோப்பையைத் துறந்த அதே 1974இன் ஜனவரியில் இரண்டாம் ஒப்பந்தமும் கையெழுத்தானது. திரும்பியோருக்கு வேலை தரவே நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் லயன் வீடுகளில் குடியேறியோரில் தலித் மக்கள் ஏராளம். மலையில் டென்னிஸ் ஆடுகளங்கள் இல்லாமல் இல்லை. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கிளப்புகளில் இருக்கின்றன. அவற்றின் வாசலில் சாதிப் பெயர் எழுதப்படவில்லை. உறுப்பினர் கட்டணமும் பரிந்துரையும் இருக்கையில் எழுத வேண்டிய தேவையும் இல்லை.

2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான ஐ.நா. மாநாடு கூடியது. சாதியையும் அங்கே விவாதிக்க வேண்டும் என்று தலித் இயக்கங்கள் கோரின. சாதி இனம் அன்று, அது உள்நாட்டில் தீர்க்க வேண்டியது என்று எதிர்த்து நின்றது இந்திய அரசு. 1946இல் தென்னாப்பிரிக்கா சொன்ன விடையை, அதன் மண்ணிலேயே நின்று நாம் திருப்பிச் சொன்னோம். மறு ஆண்டே, சாதிப் பாகுபாடும் பிறப்புவழிப் பாகுபாடுதான் என்று ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு தெளிவுபடுத்தியது.

1985இல் அமிர்தராஜ் குடும்பத்தினர் பிரிட்டானியா நிறுவனத்துடன் சென்னையில் தொடங்கிய பயிற்சிக் கூடம், திறமையுள்ள சிறுவர்களைத் தங்கவைத்துப் பயிற்றுவித்தது. பயஸ் அங்கே உருவானவர். வாய்ப்புத் தந்தால் வீரர் வருவார் என்பதற்கு அது சான்று. ஒரு தனியார் நிறுவனம் சிலருக்குச் செய்ததை, தனக்கெனத் தேயிலைத் தோட்டங்களை வைத்திருக்கும் அரசு தன் தொழிலாளரின் பிள்ளைகளுக்குச் செய்ய முடியாதா? லயன்களுக்கு அருகே ஆடுகளமும் பயிற்சியாளரும் வேண்டும் என்று கேட்போம். இது சலுகை அன்று. 1974இல் உலகுக்குச் சொன்ன நீதியின் நிலுவை.