விறகடுப்பு ருசியும் பத்துத் தலைச்சுமையும்

நாலுவழிச் சாலையில் வண்டியில் போனால் இப்போது பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு பலகை கண்ணில் படுகிறது. "விறகடுப்புச் சமையல்", "மண்பானை விறகடுப்பு விருந்து". வாட்ஸ்அப்பைத் திறந்தால் அங்கேயும் அதுதான். "கேஸ் வந்தது, ஆரோக்கியம் போனது" என்று தினம் ஒரு செய்தி வருகிறது. அனுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என் வயதுக்காரர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், ஆண்கள். அடுப்பை ஊதியவர்கள் யாரும் எனக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பியதில்லை.

இதில் எனக்கு எரிச்சல் உண்டு. அதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

விறகு தானாக வந்து அடுப்பில் ஏறிக்கொண்டதா? நான் வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம், ஆற்றங்கரை ஊர். எங்கள் வீட்டில் விறகு என்பது வருஷம் முழுக்க நடக்கும் ஒரு வேலை. குளிர் நாடுகளில் வீட்டைச் சூடாக்க விறகு எரிப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. சோற்றுக்கும் வெந்நீருக்கும்தான் விறகு. அதற்கே இந்தப் பாடு.

விறகுக்கடையில் சங்கிலித் தராசு தொங்கும். எடை போட்டுத்தான் தருவார்கள். அங்கேதான் முதல் சூது. பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். ஈர விறகு வாங்கினால் விறகு விலைக்குத் தண்ணீர் வாங்கியதாக அர்த்தம். எங்கள் ஆச்சி ஒரு கட்டையை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டிப் பார்ப்பாள். 'டங்'கென்று கேட்டால் காய்ந்தது. 'தொம்'மென்று கேட்டால் கடைக்காரருக்கு அன்றைக்கு அர்ச்சனை.

மரத்துக்கு மரம் குணம் வேறு. உடைமர விறகு நின்று எரியும், கங்கு நிற்கும். ஆனால் முள்ளைக் கழித்துக் கொண்டுவர வேண்டும். பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்துவிட்டால் கோடாலி துள்ளும். புளி நல்ல சூடு தரும், ஆனால் நார் பின்னிக்கொண்டு கிடக்கும். ஆப்பு வைத்துச் சம்மட்டியால் அடித்தால்தான் வாய் திறக்கும். முருங்கை பேருக்குத்தான் விறகு, காகிதம் மாதிரி எரிந்து போய்விடும். வேம்பின் புகை கசக்கும் என்று அடுக்களையில் சேர்க்கமாட்டார்கள். தீ மூட்டத் தென்னை மட்டை, கதம்பை, சிரட்டை, காய்ந்த பனை மட்டை.

விறகு பிளக்க ஓர் ஆள் வருவார். தலைத்துண்டு, கோடாலி, இரண்டு இரும்பு ஆப்பு. கட்டையின் கணுவைப் பார்த்து, கணு இல்லாத பக்கமாகப் போடுவார். காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. ஒரு சிராய் தெறித்தால் கண் போய்விடும். கிடைத்த கூலியில் அவர் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பிளந்ததை அடுக்குவது பெண்கள் வேலை. தொழுவத்துச் சுவரோரம் கல் போட்டு, அதன் மேல் பனங்கட்டை போட்டு, தரையில் படாமல் ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில். நடுவே காற்றுப் போக வேண்டும். ஆவணி, புரட்டாசிக்குள் அடுக்கி முடித்து மேலே ஓலை மூடிவிட வேண்டும். ஐப்பசி மழை பிடித்தால் பிறகு ஒன்றும் காயாது. அடுக்கிய விறகுக்குள் தேளும் பூரானும் குடிவரும், கட்டுவிரியன்கூட வரும். விடியற்காலை இருட்டில் அதற்குள் கையை விட்டு விறகு உருவியவர்கள் யார்? இன்றைக்கு ருசி பேசுகிறவர்கள் இல்லை.

ஆனி, ஆடியில் சாரல் அடிக்கும்போது எத்தனை ஓலை மூடினாலும் விறகு நமுத்துப்போகும். "ஏட்டி, வெறகு நமுத்துப்போச்சு, ரெண்டு கதம்பய எடுத்துப் போடு" என்ற குரல் கேட்காத வீடு எங்கள் தெருவில் கிடையாது. அப்புறம் ஊதுகுழல். ஊதி ஊதி முகம் வீங்கி, கண் சிவந்து, அதே கண்ணோடு பந்தி பரிமாற வேண்டும்.

இது காசு கொடுத்து வாங்கிய வீட்டின் கதை. காசு இல்லாத வீட்டுப் பெண்கள் மலைக்குப் போனார்கள். விக்கிரமசிங்கபுரம், பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு என்று மலையடிவாரம் முழுக்க இதுதான் நிலை. இருட்டோடு கிளம்பி, மேட்டில் ஏறி, காய்ந்ததை ஒடித்துக் கட்டி, தலையில் இருபது இருபத்தைந்து கிலோவை வைத்துக்கொண்டு இறங்குவார்கள். ஒரு கட்டு வீட்டுக்கு, ஒரு கட்டு விற்பனைக்கு. காவலர் கண்ணில் பட்டால் அரிவாளும் போச்சு, கட்டும் போச்சு. அந்தக் காடுதான் தாமிரபரணிக்குத் தாய்மடி. 1988இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஆனது. தொண்ணூறுகளில் உலக வங்கி உதவியோடு அடிவாரக் கிராமங்களில் வனக்குழுக்கள் அமைத்து, கடனுதவியும் மாற்று எரிபொருளும் மாற்றுத் தொழிலும் கொடுத்த பிறகுதான் தலைச்சுமை விறகு அங்கே குறைந்தது. காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அடுப்பை மாற்ற வேண்டும் என்று அப்போதே தெரிந்துகொண்டார்கள். நாம்தான் முப்பது வருஷம் கழித்து அடுப்பைத் திரும்பக் கேட்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 16 மெகாஜூல் வெப்பம். சமையல் எரிவாயு ஒரு கிலோவில் சுமார் 46. சாதாரண மண் அடுப்பில் பாத்திரத்துக்குப் போய்ச் சேருவது நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு. மீதி அடுக்களையைச் சூடாக்கும், சுவரைக் கருப்பாக்கும். கேஸ் அடுப்பில் நூற்றுக்கு அறுபதாவது பாத்திரத்துக்குப் போகும். ஆக 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலையை விறகு செய்ய ஏறக்குறைய 200 கிலோ வேண்டும். எட்டு முதல் பத்துத் தலைச்சுமை. ஒரு சிலிண்டரை ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போகிறான். அந்தப் பத்துச் சுமைக்கு ஒரு பெண்ணின் பத்துப் பகல் போகும், கழுத்து எலும்பும் தேயும்.

புகைக்கு வருகிறேன். வீட்டுக்குள் விறகும் எருவாட்டியும் கரியும் எரிக்கும் புகையால் 2020இல் உலகம் முழுக்க 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் நம் தமிழ்நாட்டுக் கிராமத்து அடுக்களைகளிலேயே கருவி வைத்துப் புகையை அளந்திருக்கிறார்கள். பீடி தொடாத பெண்களுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விரல் அடுப்பைத்தான் காட்டுகிறது. எங்கள் தெருவில் ஐம்பது தாண்டிய பெண்கள் பாதிப் பேர் இருமிக்கொண்டே இருந்தார்கள். அது வயசுக்கு வரும் இருமல் என்று சொல்லிக்கொண்டார்கள். அதே வயசு ஆண்கள் படித்துறையில் மூச்சுவிடாமல் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

"ருசி இல்லையா? பொய் சொல்லாதேயும் வே" என்பார் நண்பர். ருசி இருந்தது. ஆனால் அதில் விறகின் பங்கு எவ்வளவு? அம்மியில் அப்போதே அரைத்த மசாலா, ஆட்டுரலில் ஆட்டிய மாவு, காலையில் பறித்த கத்தரிக்காய், மூன்று மணி நேரம் அடுப்பை விட்டு நகராத ஒரு மனுஷி, அப்புறம் நம் பசி. அத்தனையையும் விட்டுவிட்டு நன்றியை மட்டும் விறகுக்குச் சொல்கிறோம். அல்வாக் கடையிலும் பிரியாணிக் கடையிலும் விறகடுப்பு இருக்கிறதே என்றால், இருக்கட்டும். பெரிய சட்டிக்குப் பரந்த தீ வேண்டும். அங்கே நிற்பவருக்குக் கூலி உண்டு, வேலை நேரம் உண்டு. வீட்டு அடுக்களையில் இரண்டும் கிடையாது.

"சீமை உடைதான் ஊர் முழுக்க நிற்கிறதே, வெட்டி எரித்தால் நாட்டுக்கே நல்லது" என்பது அடுத்த வாதம். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னதும், அந்த ஆண்டே அதற்குத் தடை வந்ததும் எல்லோருக்கும் தெரியும். குளத்திலும் கால்வாயிலும் நிற்கும் சீமை உடையை வெட்டத்தான் வேண்டும். வேரோடு பிடுங்காவிட்டால் அடுத்த மழைக்கே தழைத்துவிடும். அதற்கு இயந்திரமும் கூலியும் வேண்டும். வெட்டியது கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும் போகட்டும். பொதுப்பணி செய்ய வேண்டிய வேலையை ஒரு பெண்ணின் நுரையீரல் தலையில் கட்டுவது என்ன நியாயம்?

இன்னொருவர் 2023 டிசம்பர் வெள்ளத்தைச் சொன்னார். கரண்டும் இல்லை, சிலிண்டரும் வரவில்லை, விறகு இருந்தால் சமாளித்திருக்கலாமாம். இடுப்பளவு தண்ணீரில் நின்ற விறகு எப்படி எரியும் என்று கேட்டேன். பதில் இல்லை.

நார்வே நாட்டில் 2013இல் அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி மட்டும் பன்னிரண்டு மணி நேரம் ஒளிபரப்பியது. அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா கீழே இருக்க வேண்டுமா என்று பார்த்தவர்கள் சண்டை போட்டார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது. அங்கே விறகைப் புகழ்கிறவர்தான் கோடாலியையும் எடுக்கிறார், பிளக்கிறார், அடுக்குகிறார். புகையைப் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்புகிறார். இங்கே புகழ்கிறவர் திண்ணையில், புகை அடுக்களையில்.

விறகடுப்புச் சோறுதான் வேண்டும் என்பவர்கள் தாராளமாகச் சாப்பிடட்டும். ஒரு மாதம் விறகை அவர்களே பிளக்கட்டும், அடுக்கட்டும், விடியற்காலையில் உருவட்டும், ஊதட்டும். அப்புறம் உட்கார்ந்து ருசி பேசுவோம்.

ஏனென்றால் இது பழங்கதை இல்லை. 2007இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016 மே மாதம் உஜ்வலா திட்டம் வந்தது. அடுப்பு வந்துவிட்டது, சிலிண்டர் நிரப்பத்தான் காசு வேண்டும். 2023 மார்ச்சில் ஒரு சிலிண்டர் ஆயிரத்து நூறு ரூபாயைத் தாண்டியது. பிறகு குறைந்தாலும், அன்றாடக் கூலி வாங்கும் பெண் ஒரே நாளில் எடுத்து நீட்டுகிற தொகையாக அது இன்னும் ஆகவில்லை. அதனால் இன்றைக்கும் ரயில்பாதை ஓரத்தில், குளக்கரையில், அரிவாளோடு சீமை உடை வெட்டிக்கொண்டு நிற்கும் பெண்களைப் பார்க்கலாம். அவர்கள் வீட்டிலும் கேஸ் அடுப்பு இருக்கும், துணி போட்டு மூடி.

விறகடுப்பு நல்லது என்று நாம் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும், அந்தத் துணி அப்படியே கிடக்கட்டும் என்று சொல்வதற்குச் சமம். ஏழை வீட்டுக்கு வருஷத்துக்கு வேண்டிய சிலிண்டரை வாங்கக்கூடிய விலையில் கொடு என்று கேட்க நமக்கு வாய் வேண்டும். முன்பணம் மொத்தமாகக் கட்ட முடியாதவர்களுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் ரேஷன் கடையிலேயே கிடைக்க வேண்டும். அதைக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.