அது கனவல்ல, டொக்டர்

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் அதிகாரிகளின் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு: "இதுவரை முறைப்பாடு எதுவும் கிடைக்கவில்லை." அதை அப்படியே எழுதிக்கொண்டு திரும்பி வருகிறவனை ஆசிரியபீடம் மீண்டும் அனுப்பும். வைத்தியசாலையில் மட்டும் அந்த வாக்கியம் ஏன் செல்லுபடியாகிறது?

சத்திரசிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே நோயாளிக்கு உணர்வு திரும்பிவிடுவதைப் பற்றித்தான் சொல்கிறேன். முழு மயக்கத்துக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று நினைவை அகற்றுகிறது. இன்னொன்று தசைகளைத் தளர்த்திச் செயலற்றதாக்குகிறது. 1942இல் மொன்றியலில் கிரிஃபித், ஜோன்சன் என்ற இரு வைத்தியர்கள், தென்னமெரிக்க வேடர்களின் அம்பு நஞ்சான குராரேயை இதற்குப் பயன்படுத்திக் காட்டினர். அதனால் சத்திரசிகிச்சை எவ்வளவோ முன்னேறியது; மறுக்கவில்லை. ஆனால், முதல் மருந்து குறைந்து இரண்டாவது மட்டும் நிலைத்துவிட்டால்? உள்ளே விழித்திருப்பவரால் விரலை அசைக்க இயலாது, கண்ணைத் திறக்க இயலாது. மூச்சைக்கூட இயந்திரமே விடுகிறது. முறைப்பாடு செய்யும் உறுப்புகள் அனைத்தையும் கட்டிப்போட்டுவிட்டு, நோயாளி அமைதியாகக் கிடந்தார் என்கிறோம்.

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் மயக்க மருந்து நிபுணர்களே நடத்தி 2014இல் வெளியிட்ட பெரும் ஆய்வு, சுமார் 19,000 பேரில் ஒருவருக்கு இவ்வாறு நேர்வதாகக் கூறியது. தசை தளர்த்தும் மருந்து பெற்றவர்களிடையே அது 8,000 பேருக்கு ஒருவர். பெறாதவர்களிடையே 136,000 பேருக்கு ஒருவர். முழு மயக்கத்தில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மாரிடையே 670 பேருக்கு ஒருவர்! இவை யாவும் நோயாளிகள் தாமாக வாய் திறந்து சொன்னவற்றின் கணக்கு. சுவீடனில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்விலோ, ஏறத்தாழ 12,000 பேரிடம் மூன்று முறை நேரில் கேட்டார்கள். ஆயிரத்துக்கு ஓரிருவர் என்று விடை வந்தது. இந்த இடைவெளிக்கு வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. கேட்டதும் கேட்காததுமே முதற் காரணம் என்பது என் முடிவு.

கேட்டால் இல்லாததையும் கற்பனை செய்வார்கள் என்று சில வைத்தியர்கள் வாதிடுகின்றனர். அப்படியானால், 1970இலேயே பிரைஸ் என்பவரும் சகாக்களும் வகுத்த கேள்விகளைப் படித்துப் பார்க்கட்டும். உறங்குமுன் கடைசியாக நினைவிருப்பது எது? விழித்ததும் முதலில் நினைவிருப்பது எது? இடையில் ஏதாவது நினைவிருக்கிறதா? கனவு கண்டீர்களா? இவற்றில் எதை நோயாளியின் வாயில் திணிக்கிறோம்?

அந்தப் பிரித்தானிய ஆய்வில் பெரும்பாலான அனுபவங்கள் ஐந்து நிமிடத்துக்கும் குறைவானவை. இருந்தும், பத்தில் நால்வருக்கு நீண்டகால மனப்பாதிப்பு நிலைத்தது. அவர்களை அதிகம் உலுக்கியது கத்தியின் வலியல்ல, அசைய முடியாமற் போனமைதான். சிலர் பல பத்தாண்டுகள் கழித்தே அதை வெளியில் சொன்னார்கள். முதன்முறை சொன்னபோது "கனவு கண்டிருப்பீர்கள்" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே முதுகில் தட்டிவிட்டுப் போனால், இரண்டாம் முறை யார் சொல்வார்?

சில வருடங்களுக்கு முன்னர் எனக்கும் குடலிறக்கத்துக்கு முழு மயக்கத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. நல்லபடியாகவே நடந்தது, இடையில் எதுவும் எனக்கு நினைவில்லை. சிறுநீர் போனதா, காற்றுப் பிரிந்ததா, கஞ்சி குடித்தீர்களா என்று வேளை தவறாமல் கேட்டார்கள். இடையில் ஏதாவது நினைவிருக்கிறதா என்று மட்டும், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்வரை, ஒருவரும் கேட்கவில்லை.