பூட்டுக்கும் கணக்கு வேண்டும்

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பி ஓட முடியாமல் இறந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த அதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டன. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்புக்கு வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதற்குப் பின் 21 ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் உரிமம் இல்லாமல் நடந்துவந்த ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டபோது, அடைத்துவைத்தார்கள், துன்புறுத்தினார்கள் என்ற அதே வகைக் குற்றச்சாட்டுகளைத் தமிழகம் மறுபடி கேட்டது. இடைப்பட்ட காலத்தில் சட்டம் அடியோடு மாறிவிட்டது. சுவருக்குள் நடப்பதை வெளியில் யாரிடமும் சொல்லத் தேவையில்லை என்ற வழக்கம் மட்டும் மாறவில்லை.

இப்படிப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் ‘ஈவிரக்கம் இல்லாதவர்கள்’ என்று நிர்வாகிகளைத் திட்டிவிட்டு நாம் ஓய்ந்துவிடுகிறோம். இரக்கம் இல்லாததுதான் காரணம் என்றால், இரக்கமுள்ள நிர்வாகி நடத்தும் இல்லத்தில் தவறே நடக்கக் கூடாது. ஆனால் நல்ல மனதோடு தொடங்கிய இல்லத்திலும் இரவில் கிரில் கதவுக்கு வெளிப்பூட்டு விழுகிறது. பேன் தொல்லை என்று எல்லோருக்கும் ஒரே நாளில் மொட்டை போடப்படுகிறது. பாத்திரம் துலக்கவும் தரை கழுவவும் தெம்புள்ளவர்கள் கூலியின்றிப் பயன்படுத்தப்படுகிறார்கள். யாரோ ஒருவரின் பிறந்தநாள் அன்னதானத்துக்கு வரிசையில் நிறுத்தப்பட்டு, இலை போடும் முன்பே நன்கொடையாளரோடு படத்துக்கும் நிற்கிறார்கள். படம் எடுக்கச் சம்மதமா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. இவற்றில் எதையும் கொடுமை என்று நினைத்து யாரும் செய்வதில்லை. ‘அவர்கள் நன்மைக்குத்தான்’ என்று நம்பியே செய்கிறார்கள். ஆகவே பராமரிப்பின் அறத்தைப் பராமரிப்பவரின் மனசாட்சியிடம் மட்டும் ஒப்படைக்க முடியாது. ஒருவருடைய உடல்மீது இன்னொருவருக்கு அதிகாரம் இருக்கும் இடத்தில், அந்த அதிகாரம் பயன்பட்ட ஒவ்வொரு முறைக்கும் வெளியாள் பார்க்கக்கூடிய கணக்கு இருக்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கேட்பதும் இதைத்தான். ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றதைத் தொடர்ந்து வந்த இந்தச் சட்டம், சங்கிலியை முற்றாகத் தடைசெய்கிறது. கட்டாய மொட்டை கூடாது. சொந்த உடையை உடுத்த விரும்புபவர்மீது சீருடையைத் திணிக்கக் கூடாது. வேலை வாங்கினால் கூலி தர வேண்டும் என்று அன்றாட விஷயங்கள்வரை இறங்கிப் பேசுகிறது. ஒருவரைத் தனியறையில் அடைப்பதற்கு இடமே இல்லை. உடலைக் கட்டுப்படுத்துவது, உடனடியாக நேரப்போகும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டுமே. என்ன முறையில், என்ன காரணத்துக்காக, எவ்வளவு நேரம் என்பதை உடனே மருத்துவக் குறிப்பில் எழுத வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். இப்படி நடந்தவை அனைத்தையும் மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கையாக அனுப்ப வேண்டும்.

நோயின் உக்கிரத்தில் ஒருவர் நெடுஞ்சாலைக்கு ஓடினால், பக்கத்தில் இருப்பவரைத் தாக்கினால், நோட்டுப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா என்று இல்லம் நடத்துவோர் கேட்பார்கள். அந்த நெருக்கடியைச் சட்டம் மறுக்கவில்லை. அதற்காகத்தான் விதிவிலக்கே வைத்திருக்கிறது. பத்து நிமிட நெருக்கடிக்குப் போட்ட கட்டு பத்து மாதம் அவிழாமல் கிடப்பதுதான் கேள்வி. தொடங்கிய நேரத்தை எழுதியவருக்கு, முடிந்த நேரத்தையும் எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிடும். இரவில் ஒரே ஓர் ஆயா ஐம்பது பேரைப் பார்த்துக்கொள்ளும்போது வேறென்ன செய்வது என்று அடுத்து கேட்பார்கள். ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டி யாரையும் கட்டிவைக்கக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. அது சரியும்கூட. நிர்வாகத்துக்குச் சம்பளச் செலவு மிச்சமாகிறது. அதற்கு விலையாக நோயாளி தன் கைகால்களைக் கொடுக்கிறார்.

இவற்றைவிடக் கனமான வாதம் ஒன்று உண்டு. விதிகளை இறுக்கினால் சிறிய அறக்கட்டளைகள் இழுத்து மூடிவிடும், உள்ளே இருப்பவர்கள் நடுத்தெருவுக்கு வருவார்கள் என்பது அது. குடும்பங்களின் களைப்பும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மனநலக் கோளாறின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர்வரை சிகிச்சை பெறாமல் இருக்கிறார்கள் என்று 2015-16 தேசிய மனநல ஆய்வு சொன்னது. பக்கத்தில் மருத்துவரோ மாத்திரையோ இல்லாத குடும்பம் தர்காவுக்கும் ஆசிரமத்துக்கும் கூட்டிப்போவதைக் குற்றம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த வாதம் எதை நிரூபிக்கிறது? அரசு செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்பதை மட்டுமே. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது, அவருக்குச் சமூகத்துக்குள் வாழ உரிமை உண்டு, அதற்கான இல்லங்களை அரசு ஏற்படுத்த வேண்டும் என்று சொல்வதும் இதே சட்டம்தான். செலவைக் காரணம் காட்டி உரிமையைத் தள்ளிப்போடுவதற்குப் பதில், சிறிய இல்லங்களுக்கு இரவுப் பணியாளர் சம்பளத்தையும் மருத்துவர் வருகையையும் அரசு மானியமாகக் கொடுத்துவிட்டு, பிறகு கணக்குக் கேட்கலாம்.

இது நடைமுறைக்கு ஒத்துவராத கனவும் அல்ல. 1993இல் சென்னையில் தொடங்கிய ‘பான்யன்’ அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. நீண்டகாலம் நிலையங்களில் இருந்தவர்கள் சிறு குழுக்களாக, சாதாரணத் தெருக்களில், வாடகை வீடுகளில் உதவியாளர் துணையோடு வாழ்கிறார்கள். என்ன சமைப்பது, எப்போது கடைக்குப் போவது என்பதை அவர்களே முடிவுசெய்கிறார்கள். உரிமை சார்ந்த சமூக மனநலச் சேவைகள் குறித்து உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி, இந்தத் திட்டத்தை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. தெருவில் இருக்கும் வீட்டுக்கு அக்கம்பக்கத்தாரே கண்காணிப்பு. ஊருக்கு வெளியே மதில் எழுப்பிய இல்லத்துக்கு அந்த வாய்ப்பில்லை. ஆய்வு என்ற பெயரில் அதிகாரி வந்து கையை நீட்டுவார் என்ற அச்சம் நியாயமானது. அதற்காகத்தான் மறுஆய்வு வாரியத்தில் நீதித்துறையினர், மருத்துவர்களோடு, மனநோய் உள்ளவர்கள், பராமரிப்பாளர்கள் போன்றோருக்கும் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அந்த வாரியங்கள் கூட்டம் நடத்த வேண்டும். மாத அறிக்கை அனுப்பாத இல்லத்துக்கு ஏன் அனுப்பவில்லை என்று நோட்டீஸ் போக வேண்டும்.

அரசு அசையும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு தரப்பும் உண்டு: பணம் கொடுப்பவர்கள். தமிழ்நாட்டின் பல இல்லங்கள் பொதுமக்களின் அன்னதானத்திலும் நன்கொடையிலும்தான் ஓடுகின்றன. நோயாளிகளின் தனிப்பட்ட விவரம் நன்கொடையாளருக்குத் தேவையில்லை. சட்டமும் அதைக் காக்கிறது. ஆனால் உரிமம் இருக்கிறதா, இரவில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், போன மாத அறிக்கை வாரியத்துக்குப் போனதா என்று கேட்க யாருக்கும் தயக்கம் வேண்டாம். வரிச்சலுகைக்கான ரசீதைக் கேட்டு வாங்கத் தெரிந்த நமக்கு, இந்த மூன்று கேள்விகளைக் கேட்பது பெரிய வேலை இல்லை. பதில் சொல்ல மறுக்கும் இல்லத்துக்கு அடுத்த பிறந்தநாள் சாப்பாட்டைக் கொடுக்காமல் இருப்பதும் தர்மம்தான்.