உரை வேண்டாத இசை

இலக்கியம் பயின்றவர்களுக்கு இசை கேட்பதில் ஒரு தடை உண்டு. சொல்லைப் பற்றிக்கொண்டே நாம் பாட்டுக்குள் நுழைகிறோம். சொல் இல்லாவிட்டால் அதைப் 'பின்னணி' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

1986இல் வெளியான இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பு தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. பாடல் வரிகள் இல்லாத இவ்விசைக்கு என்ன பெயரிடுவது என்று தலைப்பே கேட்கிறது. 'போஸ்ட்-ராக்' வகைமையைச் சேர்ந்த ஐஸ்லாந்தின் சிகுர் ரோஸ் குழுவினர் 2002இல் இன்னும் ஓரடி முன்சென்றனர். தொகுப்பின் பெயர் இரண்டு அடைப்புக்குறிகள் மட்டுமே. பாடல்களுக்குத் தலைப்பில்லை; குரல் பாடுவதும் பொருளற்ற அசைகளையே. உடன்வந்த சிறு கையேட்டின் பக்கங்களும் வெறுமையாக விடப்பட்டிருந்தன.

கூடலூரில் ஆனி, ஆடி மாதங்களில் மழை நாட்கணக்கில் நின்று பெய்யும். இவை 'மழைக்கு ஏற்ற இசை' என்கிறார்கள் இங்குள்ள நண்பர்கள். எனக்கு உடன்பாடில்லை. மழை, மூடுபனி, துயரம் என்று இசைக்கு உரை எழுதுவதும் சொல்லின் ஆதிக்கமே. ஒரு மெட்டு திரும்பி வருகையில் அது முன்பிருந்த மெட்டாக இருப்பதில்லை. இடையில் நாம் கேட்டவை அதை மாற்றிவிடுகின்றன. இசையின் பொருள் அந்த நகர்வில்தான் இருக்கிறது.

தொல்காப்பியர் யாழைத் தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு கருப்பொருளாக வைத்தார். நிலத்துக்கு அது அலங்காரம் அன்று. நிலத்தில் வாழும் பொருள்களுள் ஒன்று. 'பொருள் கூறுக' என்று வினா எழுப்பியே பழகிய நம்மைப் போன்றோர், வேறு வேலையின்றி ஒரு தொகுப்பை முழுவதுமாகக் கேட்டுப் பார்க்கலாம். உரை பிறகு எழுதிக்கொள்ளலாம், எழுதாமலும் இருக்கலாம்.