வேலியோரத்து விஷம்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது படப்பை. அதைத் தாண்டினால் ஒரகடம். கார்களும் லாரிகளும் உற்பத்தியாகும் பெரிய பெரிய தொழிற்சாலைகள் அங்கே நிற்கின்றன. ஆனாலும் ஏரியும் நெல் வயலும் இந்த வட்டாரத்தை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. வயலுக்கும் சாலைக்கும் நடுவே, லாரிப் புழுதியைச் சுமந்துகொண்டு ஊமத்தை பூக்கிறது. எருக்கும் ஆடாதொடையும் பக்கத்திலேயே நிற்கின்றன. ஆடு அவற்றை மேய்வதில்லை. ஆடாதொடைக்குப் பெயரே அதனால்தான் வந்தது என்பார்கள்!

ஆடு ஏன் தொடுவதில்லை? செடியால் ஓடித் தப்ப முடியாது. ஆகவே தன்னைத் தின்ன வரும் புழுவையும் கால்நடையையும் விரட்ட, உடலுக்குள்ளேயே கசப்புச் சரக்கைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட சரக்குகளில் ஒரு பெரிய குடும்பத்துக்கு ‘ஆல்கலாய்டு’ என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். காப்பியிலுள்ள காபீன், மலேரியாவுக்குக் கொடுத்த கொயினா, புகையிலையின் நிகோடின் எல்லாம் இந்தக் குடும்பந்தான். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டினையும் பலர் இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது தவறு. பூச்சியை விரட்டுவதில் அது கெட்டிக்காரச் சரக்கு. ஆனால் ஆல்கலாய்டு அல்ல.

ஊமத்தையை எடுத்துக்கொள்வோம். அந்தக் காலத்து வழிப்பறிக்காரர்கள் இதன் விதையைச் சோற்றில் கலந்து, வழிப்போக்கர்களை மயக்கிக் கொள்ளையடித்தார்கள். தின்றவனுக்கு நா வறளும். கண் பாவை விரியும். புத்தி பேதலித்துப் பிதற்றுவான். உயிரும் போகலாம். இதற்குக் காரணமான சரக்குகளில் ஒன்று அட்ரோபின்.

இதே அட்ரோபின்தான் இன்று ஆஸ்பத்திரியில் குடியானவரின் உயிரைக் காக்கிறது! பாஸ்பரஸ் கலந்த பூச்சி மருந்துகளில் ஒரு வகை, உடம்பில் ஏறியதும் நரம்புகளின் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடும். எச்சில் வழியும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அப்போது டாக்டர்கள் முதலில் தேடுவது அட்ரோபின் ஊசியைத்தான். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில், பருத்திக்கு மருந்து தெளித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் மாண்டார்கள். ஆலையில் பிறந்த விஷத்துக்கு வேலியோரத்து விஷம் முறிவாவது விந்தைதான். அதற்காக ஊமத்தைச் சாற்றைக் குடிக்கக் கொடுத்தால் ஆள் பிழைக்க மாட்டார். டாக்டர் மில்லிகிராம் கணக்கில் அளந்து, நாடியைப் பார்த்துப் பார்த்துச் செலுத்துகிறார். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே உள்ளது அந்த அளவு ஒன்றே.

இந்த அளவைத்தான் நாம் மறந்துகொண்டிருக்கிறோம். ‘இயற்கை மருந்து, ஆகவே தீங்கில்லை’ என்ற பேச்சு பெருகிவிட்டது. புகையிலைக் கஷாயத்தைப் பாருங்கள். அரைக் கிலோ புகையிலைக் கழிவை நாலரை லிட்டர் நீரில் ஒரு நாள் ஊற வைத்து, சோப்புக் கரைசல் சேர்த்து, ஆறேழு மடங்கு நீர் விட்டுத் தெளித்தால் அசுவினி சாகும். பழைய முறை, பலனுள்ள முறை. ஆனால் நிகோடின் தோல் வழியாகவே உடம்பில் ஏறிவிடும். கையுறை இல்லாமல் கலக்குகிறவருக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். தொழில் முறையில் தயாரித்த நிகோடின் சல்பேட்டை உள்நாட்டில் உபயோகிக்கக் கூடாதென்று இந்திய அரசாங்கம் 1992-ல் தடை செய்தது. நிகோடினை மாதிரியாகக் கொண்டு ரசாயன நிபுணர்கள் உண்டாக்கிய புதிய மருந்துகளில் மூன்றைத் திறந்த வெளியில் தெளிக்கக் கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் உத்தரவிட்டது. தேனீக்கள் மடிகின்றன என்பதே காரணம்.

நம் நாட்டுக்கு இதில் பெரிய பங்கு உண்டு. குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முதலில் நிற்பது காந்தள். அந்தச் செங்காந்தளே தமிழ்நாட்டின் மாநில மலர். குடியானவர்களுக்கு அது கண்வலிக்கிழங்கு. கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், பிரான்ஸ் நாட்டு நிபுணர்கள் 1820-ல் வேறொரு செடியிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்த ஆல்கலாய்டு. கீல்வாத வகைகளில் ஒன்றான ‘கௌட்’ நோய்க்குக் கண்கண்ட மருந்து. இருதய நோயாளிகளுக்குச் சிறு அளவில் கொடுக்க 2023-ல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அளவு மீறினாலோ உடம்பின் செல்கள் பிரிந்து பெருகுவதையே நிறுத்திவிடும். இந்த விஷத்துக்கென்று தனி முறிவு மருந்தும் கைவசம் இல்லை.

ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கங்களில் இந்தக் கொடியைப் பந்தலில் ஏற்றிச் சாகுபடி செய்கிறார்கள். பூ விரிந்ததும் காலை நேரத்தில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். எத்தனை பொறுமை வேண்டும்! விதை கடல் கடந்து போகிறது. இதில் ஒரு வேடிக்கை. மனிதனைக் கொல்லும் இந்த இலையை ஒரு அந்துப்பூச்சியின் புழு மட்டும் சாவகாசமாகத் தின்று கொழுக்கிறது! அதற்கும் மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு செடியின் விஷம் எல்லாப் பூச்சிக்கும் விஷமாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று, வேலியோர இலைகளைக் கரைத்துத் தெளிக்கச் சொன்னார். கடன்பட்டுப் பூச்சி மருந்து வாங்கியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அந்த வழி வளரத்தான் வேண்டும். ஆனால் மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் இலையின் வீரியம் மாறும். ஒரே ஊமத்தை, ஒரே கரைசல்; இந்த மாதம் ஒரு பலம், அடுத்த மாதம் ஒரு பலம். அதை யார் அளந்து சொல்வது?

சித்த வைத்தியத்துக்கென மத்திய அரசாங்கம் அமைத்த தேசிய நிறுவனம், படப்பைக்கு அருகே தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிறது. காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. இலையைக் கொண்டு வரும் குடியானவருக்கு அதன் வீரியத்தைச் சோதித்து, கலக்கும் அளவையும், அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு தெளிப்பதை நிறுத்த வேண்டும் என்பதையும் தமிழில் எழுதிக் கொடுக்க இவை இரண்டும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டணம் வாங்கக் கூடாது. மூலனூர் விவசாயிக்கும் இதே வசதி தேவை. அவர் விதையை எடை போட்டு விற்கிறார். விதைக்கு மதிப்பு அதிலுள்ள கோல்ச்சிசினால் வருகிறது. அதன் சதவீதம் வாங்குகிறவருக்குத் தெரிந்து, விற்கிறவருக்குத் தெரியாமல் இருந்தால் விலையை யார் சொல்வார்கள்? விதை மூட்டை வியாபாரியின் தராசுக்குப் போகுமுன் பரிசோதனைச் சாலைக்குப் போகட்டும்.